14.1 எங்கிருந்து வந்தது? ரேண்டம் வைப்ரேஷனில் மொத்த ஜிஆர்எம்எஸ் போடும் முறை

ஒரு கருவியைப் பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் குலுக்கிப் பார்ப்பதுதான் ரேண்டம் வைப்ரேஷன் சோதனை. அதன் தாள் எதை எடுத்தாலும் அமைப்பு ஒன்றுதான். நான்கைந்து அதிர்வெண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஜி²/ஹெர்ட்ஸ் அலகில் ஒரு மதிப்பு, கடைசியில் தனியாக ஒரு வரி: மொத்தம் இத்தனை ஜிஆர்எம்எஸ், அதாவது முடுக்கத்தின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம், ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) அலகில். தாள் என் மேசைக்கு வந்தால் அந்தக் கடைசி வரியைக் கையால் மூடிக்கொண்டு, மேலே உள்ள எண்களை வைத்து நானே ஒருமுறை கணக்குப் போட்டுவிடுவேன். பொருளைக் குலுக்கும் ஷேக்கரை இயக்கும் கன்ட்ரோலர் அதை அரை நொடியில் சொல்லிவிடும், தெரியும். ஆனால் அது விடையை மட்டும்தான் சொல்லும். அந்த விடையில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்பது கையால் போட்டவருக்குத்தான் புரியும். அது புரியாமல் "இந்தச் சோதனை 14 ஜி, அது 10 ஜி, அப்போ இதுதான் கடுமை" என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

எல்என் (இயல் மடக்கை) பொத்தான் உள்ள ஒரு கால்குலேட்டர் போதும்.

எதன் பரப்பு, எதன் வர்க்கமூலம்

சைன் சோதனையில் ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்தான் ஓடும். ரேண்டமில் 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அதனால் "100 ஹெர்ட்ஸில் எத்தனை ஜி" என்ற கேள்விக்கு இங்கே அர்த்தமில்லை. "100 ஹெர்ட்ஸை ஒட்டி, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எவ்வளவு" என்றுதான் கேட்க முடியும். அதற்கான விடைதான் பிஎஸ்டி எனப்படும் திறன் நிறமாலை அடர்த்தி. முடுக்கத்தை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, அதை ஹெர்ட்ஸ் வாரியாகப் பங்கு பிரித்தது. அலகு ஜி²/ஹெர்ட்ஸ் என்று வருவது அதனால்தான்.

அடர்த்தியை அகலத்தால் பெருக்கினால் ஜி² கிடைக்கும். எல்லா அகலங்களுக்கும் அப்படிப் பெருக்கிக் கூட்டினால், அதுதான் பிஎஸ்டி கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. அந்தப் பரப்பின் வர்க்கமூலம்தான் ஜிஆர்எம்எஸ். சிக்னலின் சராசரி பூஜ்ஜியம் என்பதால் இதுவே அதன் திட்ட விலக்கமும்கூட. நாம் ஒரு சிக்மா என்று சொல்வது இதைத்தான்.

கோடு தட்டையாக இருந்தால் வேலை சுலபம். 20 முதல் 2000 வரை 0.1 ஜி²/ஹெர்ட்ஸ் என்றால் பரப்பு 1980 × 0.1 = 198. வர்க்கமூலம் 14.07 ஜிஆர்எம்எஸ். முடிந்தது. இந்த 14.07ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரிவான பகுதிகளில்தான் சங்கதி இருக்கிறது. பிஎஸ்டி வரைபடத்தில் இரண்டு அச்சுகளும் லாக் அளவில் இருக்கும். தாளில் கொடுத்த புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைப்பது அந்த லாக் தாளில்தான். சாதாரணத் தாளில் அதே கோடு வளைந்துவிடும். அதனால் பரப்புக்குத் தனிச் சூத்திரம் வேண்டும்.

ஒரு துண்டின் இடது முனை அதிர்வெண்ணை அ₁ என்றும் அங்குள்ள பிஎஸ்டியை ப₁ என்றும் வைப்போம். வலது முனைக்கு அ₂, ப₂. முதலில் சரிவு:

ச = எல்என்(ப₂ ÷ ப₁) ÷ எல்என்(அ₂ ÷ அ₁)

அப்புறம் பரப்பு:

பரப்பு = (ப₂ × அ₂ − ப₁ × அ₁) ÷ (ச + 1)

புத்தகங்களில் இதையே அடுக்குக்குறி, அடைப்புக்குறி எல்லாம் போட்டு நீளமாக எழுதியிருப்பார்கள். விரித்துப் பார்த்தால் இதேதான். இந்தக் குட்டையான வடிவம் மனதில் நிற்கும்: முனையில் உள்ள இரண்டையும் பெருக்கு, கழி, சரிவோடு ஒன்றைக் கூட்டி வகு. தட்டையான துண்டுக்கு ச = 0, சூத்திரம் தானாகவே அகலம் × உயரம் ஆகிவிடும்.

கெவ்ஸ் அட்டவணையைப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு நாசாவின் காடர்ட் மையத்து ஆவணமான ஜிஎஸ்எஃப்சி-எஸ்டிடி-7000, அதாவது எல்லோரும் கெவ்ஸ் என்று சொல்வது. அதில் 22.7 கிலோ அல்லது அதற்குக் குறைவான எடையுள்ள கருவிகளுக்கான தகுதிச் சோதனை (வடிவமைப்பு தாங்குமா என்று பார்ப்பது) அளவு இது:

20 ஹெர்ட்ஸில் 0.026
50 ஹெர்ட்ஸில் 0.16
800 ஹெர்ட்ஸில் 0.16
2000 ஹெர்ட்ஸில் 0.026

மூன்று துண்டுகள். முதல் துண்டு 20 முதல் 50 வரை. பிஎஸ்டி விகிதம் 6.154, அதன் எல்என் 1.817. அதிர்வெண் விகிதம் 2.5, அதன் எல்என் 0.9163. சரிவு 1.983. பரப்பு: 0.16 × 50 = 8, 0.026 × 20 = 0.52. வித்தியாசம் 7.48. அதை 2.983ஆல் வகுத்தால் 2.51.

இரண்டாவது தட்டை: 750 × 0.16 = 120.

மூன்றாவது துண்டில் 2000 ÷ 800 மறுபடியும் 2.5தான், பிஎஸ்டியும் அதே அளவு இறங்குகிறது. ஆகவே சரிவு −1.983. பரப்பு: 0.026 × 2000 = 52, 0.16 × 800 = 128, வித்தியாசம் −76. கீழே −1.983 + 1 = −0.983. வகுத்தால் 77.31. இங்கே மேலும் கீழும் எதிர்க்குறி வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டும் அடிபட்டுப் போகும். பரப்பு எதிர்க்குறியில் வந்தால் மட்டும் எங்கோ இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

கூட்டுத்தொகை 199.82. வர்க்கமூலம் 14.14. தாளில் போட்டிருப்பது 14.1. சரி.

இப்போது பங்குகளைப் பாருங்கள். மொத்தம் 200 என்று வைத்தால் நடுத் தட்டைக்கு 120, மேல் சரிவுக்கு 77, கீழ்ச் சரிவுக்கு வெறும் இரண்டரை. அதாவது 20 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மொத்தப் பரப்பில் ஒன்றேகால் சதவீதம்தான். லாக் தாளில் அந்தச் சரிவும் வலப்பக்கச் சரிவும் ஒரே அகலத்தில் கண்ணுக்குத் தெரியும். பரப்பில் முப்பது மடங்கு வித்தியாசம். ஒன்றின் அகலம் 30 ஹெர்ட்ஸ், இன்னொன்றின் அகலம் 1200 ஹெர்ட்ஸ். லாக் அச்சு நம் கண்ணை ஏமாற்றுகிறது. பரப்பு ஹெர்ட்ஸைத்தான் எண்ணும்.

சரிவகச் சூத்திரம் போட்டால் என்ன ஆகும்

பள்ளியில் படித்த சரிவகப் பரப்பை இங்கே போடுபவர்கள் நிறையப் பேர். இரண்டு உயரங்களின் சராசரி, பெருக்கல் அகலம். அப்படிப் போட்டால் முதல் துண்டு 2.79, மூன்றாவது துண்டு 111.6. மொத்தம் 234.4, வர்க்கமூலம் 15.31. உண்மையான விடையைவிட எட்டு சதவீதம் கூடுதல்.

எட்டு சதவீதம்தானே என்று விடலாமா? விடக்கூடாது, அதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. கெவ்ஸிலும் இன்னும் பல விதிமுறைகளிலும் மொத்த ஆர்எம்எஸ்ஸுக்கான சகிப்பு, அதாவது அனுமதிக்கும் விலகல், ±10 சதவீதம். ஆகவே 15.31 என்ற தப்பான எண் அந்த எல்லைக்குள் சாதுவாக உட்கார்ந்துகொள்ளும். கன்ட்ரோலர் 14.1 காட்டும், அறிக்கையில் 15.3 இருக்கும், "சகிப்புக்குள் இருக்கிறது" என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும். அடுத்த முறை சரிவு நீளமான வேறொரு அட்டவணை வரும்போதுதான் வெடிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆய்வுக் கருவியிலிருந்து வந்த, 2 அல்லது 3 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கமாகப் புள்ளிகள் உள்ள தரவு என்றால் சரிவகமும் சரியாகவே வரும். அவ்வளவு சிறிய துண்டில் வளைவு என்று சொல்ல எதுவும் இல்லை. நான்கு புள்ளித் தாளுக்குத்தான் அது ஆகாது.

கீழே பூஜ்ஜியம் வரும் இடம்

சூத்திரத்தின் அடியில் ச + 1 இருக்கிறது. சரிவு சரியாக −1 ஆனால்? மேலேயும் பூஜ்ஜியம், கீழேயும் பூஜ்ஜியம். விரிதாளில் பிழைச் செய்தி வரும், அல்லது அதைவிட மோசமாக, பதினாறாவது தசம இடத்து மிச்சத்தை வைத்து ஏதோ ஒரு அபத்தமான எண் வரும். அது பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இது அபூர்வமான நிலை அல்ல. −1 என்பது ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும்) 3 டெசிபெல் இறக்கம். அமெரிக்கக் கடற்படை 1979இல் வெளியிட்ட நேவ்மேட் பி-9492 ஆவணத்தின் புகழ்பெற்ற சோதனை அளவிலேயே இது இருக்கிறது: 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஆக்டேவுக்கு 3 டெசிபெல் ஏற்றம், 80 முதல் 350 வரை 0.04 தட்டை, 350 முதல் 2000 வரை ஆக்டேவுக்கு 3 டெசிபெல் இறக்கம்.

சரிவு −1 ஆக இருக்கும்போது ப × அ என்ற பெருக்கல் துண்டு முழுக்க மாறாமல் இருக்கும். அந்தத் துண்டுக்கு மட்டும்:

பரப்பு = ப₁ × அ₁ × எல்என்(அ₂ ÷ அ₁)

முதல் துண்டு: 20 ஹெர்ட்ஸில் 0.01, சரிவு +1. (0.04 × 80 − 0.01 × 20) ÷ 2 = 1.5. நடுவில் 270 × 0.04 = 10.8. கடைசித் துண்டு: 0.04 × 350 = 14, எல்என்(2000 ÷ 350) = 1.743, பெருக்கினால் 24.4. மொத்தம் 36.7, வர்க்கமூலம் 6.06. இந்த அளவுக்குப் பொதுவாக மேற்கோள் காட்டப்படும் எண்ணும் 6.06தான்.

விரிதாள் செய்பவர்கள் "ச சரியாக −1ஆ" என்று கேட்கக் கூடாது. ச + 1இன் எண்மதிப்பு 0.001க்குக் குறைவா என்று கேட்டு, ஆம் என்றால் எல்என் வடிவத்துக்குப் போகச் சொல்லுங்கள். இன்னொன்று: ஓரங்களில் "இங்கே ஒன்றும் இல்லை" என்ற எண்ணத்தில் பூஜ்ஜியத்தைத் தட்டச்சு செய்யாதீர்கள். பூஜ்ஜியத்துக்கு மடக்கை கிடையாது. சோதனையின் அதிர்வெண் பட்டைக்கு வெளியே ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

டெசிபெலில் வந்தால்

சில தாள்களில் முனை மதிப்பே இருக்காது. "50 ஹெர்ட்ஸில் 0.16, அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 6 டெசிபெல்" என்று மட்டும் இருக்கும். அப்போது 20 ஹெர்ட்ஸ் மதிப்பை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆக்டேவ் எண்ணிக்கை எல்என்(2.5) ÷ எல்என்(2) = 1.322. டெசிபெல் 6 × 1.322 = 7.93. பிஎஸ்டி என்பது வர்க்க அளவு, ஆகவே பத்தால் வகுத்துப் பத்தின் அடுக்காக்க வேண்டும்: விகிதம் 6.21. 0.16 ÷ 6.21 = 0.0258. அதைத்தான் முழுமையாக்கி 0.026 என்று அச்சிடுகிறார்கள். முன்னால் சரிவு 2க்குப் பதிலாக 1.983 என்று வந்ததன் ரகசியமும் இந்த முழுமையாக்கல்தான்.

இந்த இடத்தில் அடிக்கடி குழப்பம் வரும். பிஎஸ்டிக்கு 10, ஜிஆர்எம்எஸ்ஸுக்கு 20. அதாவது 3 டெசிபெல் ஏற்றினால் பிஎஸ்டி இரண்டு மடங்கு, ஜிஆர்எம்எஸ் 1.41 மடங்கு. கெவ்ஸிலேயே சரிபார்க்கலாம்: ஏற்புச் சோதனை (பயன்படப்போகும் கருவியையே சரிபார்ப்பது) தகுதிச் சோதனையைவிட 3 டெசிபெல் குறைவு. தட்டையின் மதிப்பு 0.16இலிருந்து 0.08 ஆகிறது, மொத்தம் 14.1இலிருந்து 10.0 ஆகிறது. ஷேக்கரை −12 டெசிபெலில் தொடங்கும்போது திரையில் முழு அளவில் கால் பங்கு, சுமார் 3.55 ஜிஆர்எம்எஸ், தெரிய வேண்டும். அந்த முதல் அரை நிமிடத்தில் நான் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இதே காரணத்தால் இரண்டு அதிர்வு மூலங்களின் ஜிஆர்எம்எஸ்ஸை நேரடியாகக் கூட்டக் கூடாது. தொடர்பற்ற இரண்டு 10 சேர்ந்தால் 20 அல்ல, 14.1. பரப்புகளைத்தான் கூட்டலாம், வர்க்கமூலம் கடைசியில்.

அலகு விஷயம் ஒரு வரியில்: ஐஇசி 60068-2-64ஐப் பின்பற்றும் தாள்களில் அலகு ஜி² இல்லாமல் (மீட்டர்/வினாடி²)²/ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 96.2ஆல் வகுத்தால் ஜி²/ஹெர்ட்ஸ். 9.81ஆல் அல்ல, அதன் வர்க்கத்தால்.

இந்த எண் எதைச் சொல்லாது

இனி எரிச்சலுக்கு வருகிறேன். தொடக்கத்தில் பார்த்த தட்டை 0.1 அட்டவணையின் மொத்தம் 14.07. கெவ்ஸின் மொத்தம் 14.14. கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சோதனை. 150 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் ஒரு சர்க்யூட் போர்டுக்கு ஒன்றில் 0.1 கிடைக்கிறது, இன்னொன்றில் 0.16. 20 ஹெர்ட்ஸில் தலைகீழ்: ஒன்றில் 0.1, இன்னொன்றில் 0.026. பொருளுக்குத் தெரிவது அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் உள்ள பிஎஸ்டிதான். மற்ற இடங்களில் எவ்வளவு இருந்தாலும் அது பெரிதாகக் கண்டுகொள்ளாது.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. கெவ்ஸை கன்ட்ரோலரில் ஏற்றும்போது யாரோ 0.026க்குப் பதில் 0.26 என்று தட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 20 ஹெர்ட்ஸ் புள்ளியில் மட்டும் ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போயிற்று. பத்து மடங்கு பிழை. மொத்தம் எவ்வளவு மாறும்? முதல் துண்டின் சரிவு −0.53, பரப்பு (8 − 5.2) ÷ 0.47 = 5.96. மொத்தப் பரப்பு 203.3, வர்க்கமூலம் 14.26.

14.14 போய் 14.26. ஒரு சதவீதம்கூட இல்லை. "சரிபார்த்தேன், ஜிஆர்எம்எஸ் ஒத்துப்போகிறது" என்று சொல்பவர் இதைப் பிடிக்கவே முடியாது. அதே நேரம், 25 ஹெர்ட்ஸ் ரப்பர் தாங்கிகள்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டிக்கு அங்கே 0.04 கிடைப்பதற்குப் பதில் 0.23 கிடைக்கும். அதன் அசைவு ஏறத்தாழ 2.4 மடங்கு ஆகும்.

கீழ்ப்பகுதியைப் பிடிக்க இடப்பெயர்ச்சிதான் சரியான கருவி. முடுக்கத்திலிருந்து இடப்பெயர்ச்சிக்குப் போகும்போது பிஎஸ்டியை அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கால் வகுக்கிறோம். அதனால் தாழ்ந்த அதிர்வெண்கள் மேலோங்கும். சூத்திரம் பழையதின் தம்பிதான்:

துண்டின் மதிப்பு = (ப₂ ÷ அ₂³ − ப₁ ÷ அ₁³) ÷ (ச − 3)

எல்லாத் துண்டுகளையும் கூட்டி, 0.0617ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் மீட்டரில் இடப்பெயர்ச்சியின் ஆர்எம்எஸ். அந்த 0.0617 என்பது 9.81இன் வர்க்கத்தை 2 பையின் நான்காம் அடுக்கால் வகுத்தது. (சரிவு +3 ஆனால் இங்கேயும் பூஜ்ஜியம் வரும், பழைய வைத்தியம்தான்.)

சரியான கெவ்ஸுக்கு இது 0.38 மில்லிமீட்டர். பூஜ்ஜியம் விட்டுப்போன கெவ்ஸுக்கு 0.76. இரண்டு மடங்கு, கண்ணில் பட்டே தீரும். தட்டை 0.1க்கு 0.51. மூன்றுக்கும் ஜிஆர்எம்எஸ் ஏறத்தாழ 14 என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் என் துண்டுக் காகிதத்தில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும்: ஜிஆர்எம்எஸ் ஒன்று, மில்லிமீட்டர் ஒன்று. தட்டையின் உயரம் தப்பாக இருந்தாலோ, அலகு மாறியிருந்தாலோ, மேல் சரிவு விட்டுப்போயிருந்தாலோ முதல் எண் காட்டிக்கொடுக்கும். கீழ் முனைக்கு இரண்டாவது.

ஜிஆர்எம்எஸ் எதற்குத்தான் உதவும் என்றால், ஷேக்கரின் விசைக்கு உதவும். ஆர்மேச்சர் (ஷேக்கரின் அசையும் பகுதி), ஃபிக்ஸ்சர் (பொருளைப் பிடித்துவைக்கும் சட்டம்), பொருள் எல்லாம் சேர்ந்து அசையும் நிறை 60 கிலோ என்றால் 60 × 9.81 × 14.1 = 8300 நியூட்டன். அதாவது 8.3 கிலோநியூட்டன் ஆர்எம்எஸ். ஷேக்கரின் விவரத்தாளில் ரேண்டமுக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் விசையோடு இதை ஒப்பிட வேண்டும், சைனுக்குப் போட்டிருப்பதோடு அல்ல.

பொருளின் மேல் எவ்வளவு

உள்ளீடு 14.1 என்றால் போர்டின் மேல் எவ்வளவு என்று அடுத்த கேள்வி வரும். இதுவும் பரப்புக் கணக்குதான். ஒத்ததிர்வு 150 ஹெர்ட்ஸ், அங்கே அசைவு எத்தனை மடங்காகும் என்ற பெருக்கம் க்யூ = 10 என்று வைப்போம். ஒத்ததிர்வு முகட்டைச் செவ்வகமாக மாற்றி நினைத்தால் அதன் அகலம் பை/2 × 150 ÷ 10 = 23.6 ஹெர்ட்ஸ். உயரம், உள்ளீட்டு பிஎஸ்டியைப் போல க்யூவின் வர்க்க மடங்கு: 100 × 0.16 = 16. பரப்பு 377, வர்க்கமூலம் 19.4 ஜிஆர்எம்எஸ். 1954இல் ஜான் மைல்ஸ் கொடுத்த சமன்பாடு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான்: பை/2 × அதிர்வெண் × க்யூ × பிஎஸ்டி, அதன் வர்க்கமூலம். தட்டை 0.1 சோதனையில் இதே போர்டுக்கு 15.3தான் வரும்.

ஒரே ஒரு ஒத்ததிர்வு மேலோங்கி இருந்து, அதைச் சுற்றி உள்ளீடு ஓரளவு தட்டையாகவும் இருந்தால் மட்டும் மைல்ஸை நம்புங்கள். 50 ஹெர்ட்ஸ் முனைக்குப் பக்கத்தில் ஒத்ததிர்வு உள்ள பொருளுக்கு அதைப் போட்டுவிட்டுத் தசமம் வரை விவாதிப்பதில் பயனில்லை.

வலிமைக் கணக்குக்கு மூன்று சிக்மா எடுப்பது வழக்கம். 19.4 × 3 = 58 ஜி. காஸ் பரவலில் 99.73 சதவீத நேரம் சிக்னல் அதற்குள் இருக்கும். ஆனால் "மூன்று சிக்மாவைத் தாண்டவே தாண்டாது" என்று நினைப்பது தவறு. 150 ஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் ஓடினால் 9000 சுற்றுகள். அத்தனை சுற்றுகளில் எதிர்பார்க்கக்கூடிய உச்ச முகடு, 2 × எல்என்(9000) என்பதன் வர்க்கமூலம், 4.27 சிக்மா. அதாவது சுமார் 83 ஜி. உள்ளீட்டை மூன்று சிக்மாவில் வெட்டும்படி கன்ட்ரோலரை வைத்திருந்தாலும், குறுகிய ஒத்ததிர்வு உள்ள பொருளின் மேல் இப்படிப்பட்ட முகடுகள் வரத்தான் செய்யும். உடையும் தன்மையுள்ள பீங்கான் பாகமோ, பக்கத்துப் போர்டில் இடிக்கும் வாய்ப்போ இருந்தால் நான் மூன்றோடு நிற்பதில்லை.

அளந்த தரவிலிருந்து போடும்போது

முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரின் சிக்னலைப் பகுத்த பிறகு கிடைக்கும் பிஎஸ்டிக்குச் சூத்திரமே வேண்டாம். ஒவ்வொரு கோட்டின் (பகுப்பு தரும் அதிர்வெண் புள்ளியின்) மதிப்பையும் கோட்டு இடைவெளியால் பெருக்கிக் கூட்டினால் போதும். 2000 ஹெர்ட்ஸுக்கு 800 கோடுகள் என்றால் இடைவெளி 2.5 ஹெர்ட்ஸ்.

கவனிக்க வேண்டியது, கையில் இருப்பது உண்மையிலேயே பிஎஸ்டிதானா என்பது. சில பகுப்பாய்வுக் கருவிகள் இயல்பாக ஜிஆர்எம்எஸ் நிறமாலையைத்தான் தரும். அதில் ஒவ்வொரு கோட்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள், ஹேனிங் விண்டோ (பகுக்கும் முன் சிக்னல் துண்டின் ஓரங்களைத் தணிக்கும் எடையிடல்) போட்டதை மறந்துவிடுவார்கள். அந்த விண்டோவில் ஒவ்வொரு கோடும் ஒன்றரைக் கோட்டு அகலத்துக்கான சத்தத்தை உள்வாங்குகிறது. ஆகவே கூட்டிய பரப்பை 1.5ஆல் வகுக்க வேண்டும். வகுக்காவிட்டால் விடை 22 சதவீதம் உயரும். 14.1 வர வேண்டிய இடத்தில் 17.3 வந்தால், சென்சார் அளவுத்திருத்தத்தைச் சந்தேகிப்பதற்கு முன் நான் விண்டோவைத்தான் பார்ப்பேன்.

தனிக் கோடுகள் ஆடுவதைக் கண்டு பதற வேண்டாம். 120 சுதந்திர அளவுகளில் (சராசரியில் எத்தனை தனித் தரவுகள் சேர்ந்தன என்பதன் அளவு) எடுத்த சராசரியில்கூட ஒரு கோட்டின் பிஎஸ்டி 13 சதவீதம் மேலும் கீழும் போவது இயல்பு. நூற்றுக்கணக்கான கோடுகள் சேர்ந்த மொத்தம் அப்படி ஆடாது. மொத்தமே ஆடினால் அது புள்ளியியல் இல்லை, போல்ட்டோ கேபிளோ தளர்ந்திருக்கிறது.

இன்னொரு சரிபார்ப்பு, பிஎஸ்டியைத் தொடாமல் நேரச் சிக்னலிலிருந்தே ஆர்எம்எஸ் எடுப்பது. சராசரியைக் கழித்து, வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. சராசரியைக் கழிக்காமல் விட்டிருப்பார்கள்: முழு அளவில் ஒரு ஜி விலகல் தெரியவே தெரியாது, ஆனால் −12 டெசிபெல் ஓட்டத்தில் 3.55 போய் 3.69 ஆகிவிடும். அல்லது, நேரச் சிக்னலில் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதும் சேர்ந்திருக்கும். ஃபிக்ஸ்சருக்கு 2400இல் ஓர் ஒத்ததிர்வு இருந்தால் கன்ட்ரோலர் 14.1 காட்டும்போதே நேரச் சிக்னல் 16, 17 என்று காட்டலாம். கன்ட்ரோலர் பொய் சொல்லவில்லை, தன் பட்டைக்குள் உள்ளதை மட்டும் கூட்டியிருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் நேரச் சிக்னலையும் 20 முதல் 2000 வரை வடிகட்டிக்கொள்ளுங்கள். அறிக்கையில் எழுதும்போதும் "14.1 ஜிஆர்எம்எஸ், 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை" என்று பட்டையையும் சேர்த்தே எழுதுங்கள். வடிகட்டாத எண்ணை அடுத்த வரியில் தனியாகப் போடுங்கள், ஏனென்றால் பொருள் அனுபவித்தது அதைத்தான்.